சிவப்புக் கோடு வரை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. மறந்து வைத்தாரா, இனி தன்னால் தூக்க முடியாது என்று வைத்தாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கிடைத்தவரை லாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் திருவண்ணாமலையில் கிளை நூலகத்தில் உதவியாளன். சிறுபத்திரிகைகளில் நான்கைந்து கதைகள் எழுதியிருக்கிறேன். ஊரில் அவற்றைப் படித்தவர்கள் என்று பார்த்தால் நான், கோதண்டராமன், அப்புறம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கோதண்டராமன் ரசாயனப் பொறியியல் படித்தவர். கறுப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை என்பதைச் சாமி கும்பிடுகிறவர்களைவிடச் சிரத்தையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். (இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டா என்று கேட்கலாம். அப்பா வைத்தது. கட்சிக்காரர்கள் 'கோதண்டம்' என்று சுருக்கிவிட்டார்கள். அதிலும் வில் அவர் கையிலேயே தங்கிவிட்டது.)

போன வருஷம், எண்பத்தாறு ஐப்பசியில், நல்ல மழை. நூலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"சார், ஒரு விஷயம். கதையா எழுத முடியுமா பாருங்க."

"யாரோட கதை?"

"ஒரு இன்ஜினியரோடது. எனக்குத் தெரிஞ்சவர்."

நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அந்தத் தெரிந்தவரை நன்றாகத் தெரியும். மூல வியாதிப் புத்தகம் கேட்டு வருகிறவர்களும் தெரிந்தவருக்காகத்தான் வருவார்கள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். மழை விடுவதற்குள் அவர் சொல்லி முடித்தார். பாதியிலேயே 'தெரிஞ்சவர்' போய் 'நான்' வந்துவிட்டது. இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

"பேரெல்லாம் மாத்திடுங்க சார். கடைசியில அந்த இன்ஜினியர் அந்த ஆளு வூட்டுக்குப் போயி உண்மைய சொல்லிடற மாதிரி முடிச்சுடுங்க."

"நெஜத்துல சொன்னாரா?"

அவர் குடையை எடுத்தார். "கதையில சொல்லட்டும் சார்."

சரி என்றேன். அவர் போனதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதன் வெட்கத்தில் கூனிக் குறுகி எழுந்து போகிறான், நான் நல்ல கதை ஒன்று கிடைத்ததென்று மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு.

"மலையைப் பார்த்தபடி நின்றது அந்த ரைஸ் மில்." அடித்துவிட்டேன். திருவண்ணாமலையில் எதுதான் மலையைப் பார்த்தபடி நிற்கவில்லை? பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையும் அப்படித்தான் நிற்கிறது.

"கண்ணாயிரம் நல்லவன்." இப்படித் தொடங்கினால் அடுத்த பக்கத்தில் அவர் செத்துப்போவார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அவர் சாகவில்லை. நல்லவரா என்றும் எனக்குத் தெரியாது, ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. படித்த பொறியாளருக்கு 'அவர்' போட்ட அதே கை, மில்லில் வால்வு திறந்தவருக்குத் தானாக 'அவன்' போட்டிருந்தது. எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அடித்துத் திருத்தினேன். கை மட்டும் என்னுடையதுதான், அதை யாரும் திருத்தவில்லை.

"இரண்டு தண்ணீர் இருந்தன. ஒன்று அழுக்கு, ஆனால் சூடு. இன்னொன்று சுத்தம், ஆனால் குளிர்ச்சி." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

3

வேங்கிக்கால் ஏரியை ஒட்டிக் கோதண்டராமனின் அக்கா தங்கம்மாளுக்கு ஒரு ரைஸ் மில். புருஷன் போனபிறகு தங்கம்மாளே நடத்தினார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து நெல் வண்டிகள் வரும். புழுங்கல் அரிசிக்கு நெல்லைக் கொதிநீரில் ஊறப்போட்டு, பிறகு அவித்து, களத்தில் காயவைத்து அரைப்பார்கள். ஊறல் முடிந்ததும் அந்த மஞ்சள் தண்ணீரை வடித்துவிடுவார்கள். வடியும்போதும் அதில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. ஒரு பக்கம் அது ஆவி பறக்கச் சாக்கடையில் போகும். இன்னொரு பக்கம் கிணற்றுத் தண்ணீரை மறுபடியும் முதலிலிருந்து காய்ச்சுவார்கள்.

கோதண்டராமனால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சாக்கடையில சூடு ஓடுதுக்கா."

"ஓடட்டும்டா. அதைப் புடிச்சு இன்னா பண்ணப் போற?"

பிடிக்கலாம். அழுக்குத் தண்ணீரைக் குழாய்க்குள் விட்டு, குழாய்க்கு வெளியே கிணற்றுத் தண்ணீரை விட்டால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகும், இரண்டும் கலக்காது. ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. எந்த வீட்டு வெந்நீர் அண்டாவையும் எட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகக் காறை பிடித்திருக்கும். குழாய்மேலும் அப்படிப் பிடித்துக்கொண்டால் சூடு இந்தப் பக்கம் வராது.

அதற்கு அவர் கண்ட வழிதான் இந்தக் கதையின் நடுக்கூடம். குழாய்களைச் சுற்றித் தொட்டியில் பொடிக்கல்லைக் கொட்டினார். கிணற்றுத் தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றினார். தண்ணீர் மெதுவாக ஏறினால் கல் அசையாமல் கிடக்கும். அளவாக ஏறினால் ஒவ்வொரு கல்லும் எழும்பி, பக்கத்துக் கல்லை இடித்து, இடம் விட்டுப் போகாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றில் ஊற்றுக்கண்ணில் மணல் கொதிக்கிற மாதிரி துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். துள்ளுகிற கல் குழாயில் காறை பிடிக்கவிடாமல் தேய்க்கும். குழாயின் சூட்டைச் சட்டென்று வாங்கித் தண்ணீருக்கும் கொடுக்கும். கடலை வறுக்கிறவர் சட்டிக்கும் கடலைக்கும் நடுவே மணலைப் போடுகிறாரே, அந்த வேலையை இங்கே தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவில் செய்கிறது.

அளவை மீறி வேகமாக ஏற்றினால்? கல்லும் தண்ணீரோடு கிளம்பிப் போய்விடும். கல் எவ்வளவு பொடியோ அவ்வளவு சீக்கிரம் கிளம்பும். கதையில் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

அவர் அதற்குத் தமிழில் 'பாய்மப் படுகை' என்று பெயர் வைத்தார். மில் ஆட்கள் 'கூத்துத் தொட்டி' என்றார்கள். எந்தப் பெயர் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. எண்பத்திரண்டு கோடை முழுக்க அது வேலை செய்தது. எரிக்காமல் மிச்சமான உமி கூரை உயரத்துக்குக் குவிந்தது. தம்பியை வாய்விட்டுப் புகழாத தங்கம்மாள், நெல் வியாபாரிகள் வந்தால் அவர்களைத் தொட்டியிடம் அழைத்துக்கொண்டு போனார்.

தண்ணீரைத் திறப்பதற்கு ஒரு கைப்பிடி வால்வு. கைப்பிடி நகருகிற தகட்டில் கோதண்டராமன் தன் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். அதைத் திறக்கிற கண்ணாயிரத்திடம் சொன்னார்: "இந்தக் கோடு வரைக்கும். கம்மியும் வேணாம், ஜாஸ்தியும் வேணாம்."

4

அது எந்தக் கல் என்று நான் இன்னும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஆற்று மணல் அந்தத் தண்ணீர் வேகத்துக்கு ரொம்பப் பொடி. அவருக்குக் கம்பு அளவில் வேண்டியிருந்தது. அந்த அளவில், உறுதியாக, சுற்றுவட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. மலையடிவார ஓடையில்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே மலைமேல் சாமி இல்லை, மலைதான் சாமி. அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர இந்த ஊரில் யாருக்கும் கை வராது. சட்டம் ஒன்றும் இல்லை. கை வராது, அவ்வளவுதான்.

கோதண்டராமனுக்குக் கை வந்தது. அளவு சரியாக இருந்தது பாதிக் காரணம். மீதி என்ன என்று அவரே சொன்னார்: "நான்தான் எடுக்கணும்னு ஒரு இது சார்." சுப்பிரமணி என்கிற வண்டிக்காரரைப் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்து மூட்டை மூட்டையாக ஏற்றிவந்தார். டீக்கடையில் நின்று, "சாமிக் கல்லா வெறுங் கல்லானு தொட்டியில போட்டா தெரிஞ்சுடும்" என்றார். சிரித்தார்கள். தங்கம்மாள் "வேணாம்டா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். உமி மிச்சமாக ஆரம்பித்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கண்ணாயிரம் மட்டும் தினமும் வால்வைத் திறப்பதற்கு முன்னால் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கோதண்டராமன் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"இன்னா கண்ணாயிரம், தொட்டிக்கு தீபாராதனை எப்போ?"

"உள்ள இருக்கறது யாரு சார்? தொடாம எப்பிடி தெறக்கறது?"

அதையும் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். "சார், நான் அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு" என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்காமல் விடுகிறேன்.

5

[இந்தப் பகுதியை மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் அவரைக் கேலி செய்கிற மாதிரி வந்தது. இது நான்காவது.]

எண்பத்திரண்டு ஐப்பசியில் கோதண்டராமனின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயசுக் குழந்தை. ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள், மருந்து கொடுத்தார்கள், இறங்க நாளாகும் என்றும் சொன்னார்கள். அவருக்கு இதெல்லாம் தெரியும். காய்ச்சல் எப்படி வருகிறது, மருந்து எப்படிக் கேட்கிறது, எல்லாம் தெரியும்.

அவர் மனைவி கஸ்தூரி கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன் சார். நாலு பாயிண்ட் எடுத்துச் சொல்லியிருப்பேன். அவ ஒண்ணும் சொல்லல. கொழந்த நெத்தியில ஈரத்துணிய மாத்திக்கினே இருந்தா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மில்லில் ஆள் இல்லை, மழை. அவர் தொட்டியிலிருந்து கல்லை வாரி மூட்டை கட்டி, சைக்கிளில் வைத்து, ஓடைக்கு நடை நடையாகத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார். காலில் செருப்பு இல்லை.

"சேத்துல வழுக்கும்னு கழட்டிட்டேன்" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பத்திரிகை மாட்டும் கம்பியைப் பார்த்துச் சொன்னார்.

தொட்டி காலியாக இருந்தால் திங்கட்கிழமை கேள்வி வரும். களம் பூசுவதற்கு வந்து கிடந்த ஆற்று மணலை அள்ளிப் போட்டு நிரப்பினார். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

குழந்தைக்குச் சரியாகிவிட்டது. மருந்தில்தான் சரியானது. இதை அவர் இரண்டு முறை சொன்னார், நான் இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

"அது தெரிஞ்சும் அந்தக் கல்லத் திரும்ப எடுத்துட்டு வர என்னால முடியல சார்."

சாமி இல்லை என்று பேசுகிறவர்கள் முன்னால் அவருக்கு வெட்கம். உண்டு என்று நம்புகிறவர்கள் முன்னால் அதைவிட வெட்கம். பயந்த அப்பா என்று ஒரே வார்த்தையில் முடிகிற விஷயம். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

6

மணல் அந்தக் கல்லைவிடப் பொடி என்பதால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கோட்டைக் கீழே இறக்கிப் போட வேண்டும். அதுகூடத் தெரியாதவர் இல்லை அவர். மழையால் களம் காயவில்லை, மில் சும்மா கிடந்தது. ஒரு காலையில் பெயிண்ட் டப்பாவோடு தொட்டியிடம் போனார்.

கண்ணாயிரம் கூரை ஒழுகலுக்குச் சாக்கு வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், கோடு அழிஞ்சுபோச்சா?"

கோட்டை மாற்றினால் ஏன் என்று கேட்பார். கல் மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும். கல் ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். தொட்டியைத் தொட்டுக் கும்பிடுகிற கண்ணாயிரத்திடம் சொல்ல வேண்டும்.

"இல்ல, நல்லாத்தான் இருக்குது" என்று டப்பாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மழை விட்டு மில் ஓடும்போது முதல் நாள் தானே வந்து வால்வைக் குறைத்துத் திறந்துகொள்ளலாம், யாரும் இல்லாத நேரத்தில் கோட்டை மாற்றிவிடலாம் என்று இருந்தார். நம்புகிறேன். இந்தக் கதையில் நான் சந்தேகப்படாத ஒரே இடம் அதுதான். வெட்கப்பட்டவர்கள் எல்லோரும் நாளைக்கு யாரும் இல்லாத நேரம் ஒன்று வரும் என்றுதான் இருக்கிறார்கள்.

7

திடீரென்று வெயில் அடித்தது. தீபத்துக்கு வருகிற ஜனங்களுக்குச் சோறு போடும் ஒரு சத்திரத்துக்குத் தங்கம்மாள் வருஷா வருஷம் அரிசி கொடுப்பார். நாள் நெருங்கிவிட்டது. உடனே நெல்லை ஊறப்போடச் சொன்னார். கோதண்டராமன் அன்று குழந்தையை மறுபடியும் காட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாயிரம் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைப்பிடியைச் சிவப்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மணல் கிளம்பித் தண்ணீரோடு ஊறல் தொட்டிக்குப் போனது. ஈர நெல்லில் ஒட்டியது. அவியலில் இருந்தது, களத்தில் இருந்தது, அரிசியில் வந்து சேர்ந்தது. நெல்லில் மண் இருப்பது புதிதா என்று ஆட்களும் கண்டுகொள்ளவில்லை.

சத்திரத்தில் முதல் பந்தி. மலையைச் சுற்றிவிட்டுப் பசியோடு உட்கார்ந்த ஜனம். முதல் கவளத்திலேயே பந்தி முழுக்கச் சத்தம் நின்றுவிட்டதாம். அப்புறம் ஒவ்வொருவராக இலை ஓரத்தில் துப்பினார்களாம். யாரோ ஒருவர் மில் பெயரைக் கேட்டார். யாரோ ஒருவர் வால்வு திறக்கிற ஆளின் பெயரைச் சொன்னார். மூன்றாவது யாரோ ஒருவர் அந்தப் பெயரோடு ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல, பந்தியே சிரித்தது. அங்கே பிறந்தது கண்ணாயிரத்தின் பட்டப்பெயர்.

சேதி மில்லுக்கு எட்டி, அன்று சாயங்காலமே விசாரணை நடந்தது. தங்கம்மாள் ஆடிப்போயிருந்தார். அரிசியில் மண் என்றால் அந்த மில்லுக்கு அப்புறம் நெல் வராது.

"எப்பிடிடா ஆச்சு?"

கோதண்டராமன் சொன்னார்: "கோட்டத் தாண்டி தெறந்துட்டாருக்கா."

கண்ணாயிரம் தகட்டைப் பார்த்தார். "கோட்டுலதான் சார் வெச்சேன்."

"கோட்டுல வெச்சா மண்ணு எப்பிடி வரும்?"

பதில் தெரிந்த ஒரே ஆள்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாயிரம் மறுபடியும் ஒரு தடவை, கொஞ்சம் மெதுவாக, "கோட்டுலதான் வெச்சேன்" என்றார். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. தொட்டியைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

8

கதைக்குத் தகவல் வேண்டும் என்று கண்ணாயிரத்தைப் பார்க்கப் போனேன். போன மாதம்தான். இந்தப் பகுதியில் எனக்கு நானே சலுகை காட்டிக்கொள்கிறேனா என்று நீங்கள் கவனித்துக்கொண்டு வாருங்கள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தி ஒரு டீக்கடையில் விசாரித்தேன்.

"கண்ணாயிரம் வூடு எங்க?"

"எந்தக் கண்ணாயிரம்?"

"ரைஸ் மில்லுல வேல பாத்தாரே."

"தெரியலியே. யாருப்பா அது?"

இன்னொரு கடை. அங்கேயும் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பட்டப்பெயர் தெரியும். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அடடே, அவனா! அப்பிடிச் சொல்லுங்க" என்று கடைக்காரர் சத்தமாக அதையே திருப்பிச் சொல்லி வழி காட்டினார். எனக்குப் பின்னால் முறத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"வாங்க. எங்க வூடுதான்" என்றாள். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அது வேதா, கண்ணாயிரத்தின் மகள்.

கண்ணாயிரம் இப்போது செங்கல் சூளையில் வேலை செய்கிறார். நூலகத்திலிருந்து வருகிறேன், பழைய மில்களைப் பற்றி எழுதுகிறேன் என்று ஏதோ சொன்னேன். டீ வந்தது. கூத்துத் தொட்டியைப் பற்றிச் சந்தோஷமாகவே பேசினார். கல் துள்ளுகிற சத்தத்தை வாயால் செய்து காட்டினார். வேதா வெளிச்சத்தில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ சத்துணவு சென்டர்ல ஒத்தாசைக்கு இருக்கறா சார்" என்றார்.

"அங்க ரெண்டு தடவ பொறுக்குவேன்" என்றாள் வேதா, முறத்தைப் பார்த்தபடி. "ஒரு கல்லு பசங்க பல்லுல பட்டாலும் அப்பாவோட அந்தப் பேரச் சொல்லித்தான் என்னைக் கூப்புடுவாங்க."

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.

"அன்னிக்கு வால்வு கோட்டுலதான இருந்துச்சு?"

கண்ணாயிரம் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அப்பிடித்தான் சொன்னேன். இப்பக் கேட்டா... தெரியல சார். கொஞ்சம் தாண்டித்தான் பூட்டுச்சோ என்னமோ. இத்தினி பேரு சொல்றாங்களே. அவரு படிச்சவரு, கொழந்தகுட்டிக்காரரு. அவரு ஏன் பொய் சொல்லப் போறாரு?"

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்ன அருமையான வசனம் என்று தோன்றியது. வார்த்தை மாறாமல் எழுத வேண்டுமே என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அந்த மும்முரத்தில் மிச்ச டீயைக் குடித்தேன், எழுந்தேன், கும்பிட்டேன். அவர் ஐந்து வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த ஒரு வரி என் வாயில் இருந்தது. 'கோட்டில்தான் வைத்தீர்கள், கல்தான் மாறியிருந்தது.' அதைச் சொல்லவில்லை. அவருடைய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசலில் வேதா நின்றாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எழுதினா அப்பா பேரப் போடுங்க. கண்ணாயிரம்னு. அந்தப் பேரு வேணாம் சார். ஒரு எடத்துல கூட."

9

முடிவுகள்.

முதல் முடிவு, கோதண்டராமன் கேட்டது. பொறியாளர் வேங்கிக்காலுக்குப் போகிறார். செருப்பை வாசலில் விடுகிறார். 'தப்பு என்னோடது கண்ணாயிரம்' என்கிறார். கண்ணாயிரம் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். வேதா முறத்தைக் கீழே வைக்கிறாள். நன்றாகவே எழுதியிருந்தேன். நூலகத்தில் கோதண்டராமனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்லா வந்துருக்குது சார். மனசு லேசாயிடுச்சு."

அன்று சாயங்காலமே அதைக் கிழித்துப் போட்டேன். அவர் சூடு இறங்கிவிட்டது. இறங்கிய சூடு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. நடுவில் நின்ற நான் அதை வாங்கி என்னிடமே வைத்துக்கொண்டேன். குழாய்மேல் பிடிக்கிற காறைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

இரண்டாவது முடிவு. நானே போய்ச் சொல்கிறேன். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கவில்லை, நிஜமாகவே கிளம்பினேன். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன், மறுபடியும் திரும்பினேன். கோதண்டராமனுக்குக் கொடுத்த வாக்கு என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வெளியே வந்தால் டீக்கடை அவருக்கும் ஒரு பட்டப்பெயர் தயாராக வைத்திருக்கும், பாவம் என்றும் சொல்லிக்கொண்டேன். (அது என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். ஒன்று கிடைத்தது. நன்றாகவும் இருந்தது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.) அதெல்லாம் இல்லை. 'அன்னிக்கு டீ குடிக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா சார்?' என்று வேதா கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் திரும்பினேன்.

மூன்றாவது முடிவாக ஒன்று எழுத ஆரம்பித்தேன். "பல வருடங்களுக்குப் பிறகு, கண்ணாயிரம்

வேண்டாம். பல வருடங்கள் அவருக்கு எதற்கு?

10

பெயர்களை மாற்றச் சொன்னார் கோதண்டராமன். மாற்றிவிட்டேன். கோதண்டராமன் அவர் பெயர் இல்லை. தங்கம்மாளும் கஸ்தூரியும் சுப்பிரமணியும் அவர்களுடைய பெயர்கள் இல்லை. வேதாவும் வேதா இல்லை. கண்ணாயிரம் மட்டும் கண்ணாயிரம்தான். அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி போட்டிருக்கிறேன். இதனால் ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது என்று தெரியும். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் நான் வாக்கை மீறிவிட்டேன் என்று அர்த்தம். நேரில் போகத் தைரியம் இல்லாதவன் தபாலில் மீறியிருக்கிறேன். கோதண்டராமன் நாளைக்கும் நூலகத்துக்கு வருவார். அவர் முகத்தில் எப்படி விழிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

பட்டப்பெயரை எங்கேயும் எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் சத்திரத்துப் பந்தியைப் படித்தபோதே அது என்னவாக இருக்கும் என்று உங்கள் மனசு ஒன்றை உருட்டிப் பார்த்திருக்கும். அநேகமாகச் சரியாகவே இருக்கும், அப்படியொன்றும் கஷ்டமான பெயர் இல்லை. அதைத் துப்பிவிடுங்கள்.

இந்தப் பத்திரிகை வேங்கிக்கால் டீக்கடைக்கு வராது. இவ்வளவு பக்கம் எழுதியும் கண்ணாயிரத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் சூளைக்குப் போகிற வழியில், கொஞ்சம் தாண்டித்தான் போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அதனால் முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். எழுத வேண்டாம், போய்ச் சொன்னால் போதும். தீபத்துக்கோ பௌர்ணமிக்கோ எப்படியும் வருவீர்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் போய், டீக்கடையில், கண்ணாயிரம் வீடு எது என்று கேளுங்கள். எந்தக் கண்ணாயிரம் என்பார்கள். தெரியலியே என்பார்கள். வெயில் அடிக்கும், உங்களுக்கு அலுப்பாக இருக்கும், இன்னொரு பெயர் நாக்கு நுனிவரை வரும்.

நான் அந்த இடத்தில்தான் தோற்றேன். நீங்கள் மறுபடியும் கண்ணாயிரம் என்றே கேளுங்கள்.